குதிரைக்குக் கீழே ஓர் எழுத்து

நகைக் கடையில் ஒரு சவரன் என்றால் எட்டு கிராம். அந்த அளவை நமக்குத் தந்த நாணயத்தின் எடையோ 7.988 கிராம்தான். பிரிட்டனின் ‘சாவரின்’ தங்கக் காசு நம் வாயில் சவரன் ஆனது. ஒரு பவுண்டு மதிப்புள்ளது என்பதால் பவுனும் ஆனது.

லண்டனில் அடித்த சவரனைப் புரட்டிப் பாருங்கள், அதன் மதிப்பு எவ்வளவு என்று எங்குமே எழுதியிருக்காது. ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபக்கம், பெரும்பாலான காசுகளில், குதிரை மீதிருந்து டிராகனை வதைக்கும் புனித ஜார்ஜ். மதிப்பைச் சொல்வது எடைதான். அதனால் காசு அடிக்கும் தங்கசாலையின் பாடு முழுவதும் எடையைச் சுற்றியே இருந்தது.

1817இல் தொடங்கிய இன்றைய சவரன் 22 காரட். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. சுத்தத் தங்கம் சட்டைப்பையில் கிடந்தே தேய்ந்துவிடும். செம்பு அதற்கு உறுதி தருகிறது. உருக்கிய கலவையைக் கட்டியாக வார்த்து, உருளைகளுக்கு இடையே பலமுறை செலுத்தித் தகடாக்குவார்கள். அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுப்பார்கள். ஓட்டை விழுந்த தகடு மறுபடி உலைக்கே போகும்.

கடினமான இடம் இந்தத் தகடுதான். 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு காசின் எடை 0.013 கிராம் மட்டுமே கூடவோ குறையவோ செய்யலாம். காசின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், தகட்டின் கனத்தில் அனுமதிக்கப்பட்ட பிசகு ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு. தலைமுடி இதைவிட இருபது மடங்குக்கு மேல் தடிமன். நீராவி இயந்திரக் காலத்தில் இதைச் சாதித்தார்கள் என்பதை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எடை தேறிய வில்லை, மேலும் கீழும் உள்ள இரண்டு உருக்கு அச்சுகளுக்கு நடுவே, வரிப்பள்ளம் வெட்டிய ஒரு வளையத்துக்குள் உட்காரும். ஒரே அடி. தங்கம் பக்கவாட்டில் பிதுங்கி வளையத்தை நிரப்பும். தலை, குதிரை, விளிம்பு வரிகள் மூன்றும் அந்த நொடியிலேயே பதிந்துவிடும். விளிம்பைச் சுரண்டித் தங்கம் திருடினால் வரிகள் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் புழக்கத்தில் தேய்ந்தாலும் காசு தப்பாது: 7.937 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது செல்லாக்காசு.

இனி பூதக்கண்ணாடி. குதிரைக்குக் கீழே தரையாக ஒரு கோடு, அதற்கடியில் ஆண்டு. ஆண்டின் நடுவுக்கு நேர் மேலே, அந்தத் தரையில் எழுத்து எதுவும் இல்லையென்றால் காசு அடித்த ஊர் பெரும்பாலும் லண்டன். மெல்போர்ன் ‘எம்’, பெர்த் ‘பி’, சிட்னி ‘எஸ்’. ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தபின் அதைக் கப்பலேற்றி லண்டனில் அடிப்பதைவிட அங்கேயே அடிப்பது மலிவாக இருந்தது. அங்கே மூன்று தங்கசாலைகள் என்பதால் ஊரின் முதலெழுத்து. மற்ற இடங்களில் நாட்டின் எழுத்து. ஒட்டாவாவுக்குக் கனடாவின் ‘சி’, பிரிட்டோரியாவுக்குத் தென்னாப்பிரிக்காவின் ‘எஸ்ஏ’. விக்டோரியா காலத்துச் சில ஆஸ்திரேலியக் காசுகளில் எழுத்து அரசியின் கழுத்துக்கு அடியில் இருக்கும். குதிரைக்குப் பதில் கேடயம் பொறித்தவற்றில் கேடயத்துக்குக் கீழே. வலது ஓரத்தில் தெரியும் பொடி எழுத்துகளைப் பெர்த் என்று நினைத்து ஏமாற வேண்டாம்: அவை குதிரையைச் செதுக்கிய இத்தாலியக் கலைஞர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சியின் முதலெழுத்துகள்.

1863 முதல் 1874 வரை லண்டன் கேடயக் காசுகளில் எழுத்துக்குப் பதில் ஒரு சிறு எண் இருக்கும். அது அச்சின் எண்.

1918இல், முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில், பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். ஏறக்குறைய 13 லட்சம் காசுகள், அந்த ஓராண்டு மட்டும். தரைக்கோட்டில் ‘இந்தியா’வின் ‘ஐ’. அதே எழுத்து 2013இல் திரும்பி வந்தது, ஹரியானாவில் அடித்த சவரன்களில்.