துளைத்தூசி ஏன் குழாய்க்குள் போக மறுக்கிறது?

சுவரில் துளை போடும்போது பக்கத்திலேயே ஒருவர் வேக்யூம் கிளீனரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அப்படியும் மறுநாள் மேசை, கண்ணாடி, புத்தக அடுக்கு எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு படலம். “மெஷின் சரியில்லையா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். மெஷினில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. குழாயின் வாய் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதே எனக்குத் தெரிய வேண்டியது. ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தால், நுண்தூசியைப் பொறுத்தவரை அந்த வேக்யூம் கிளீனர் ஓடியதும் ஓடாததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் தூசியின் கணக்கு. 8 மி.மீ. டிரில் பிட்டைக் கொண்டு 50 மி.மீ. ஆழத்துக்கு ஒரு துளை போட்டால் சுவரிலிருந்து வெளியே வருவது சுமார் 2.5 கன செ.மீ. பொருள். எடை 5 கிராம் அளவுக்கு இருக்கும், ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. மரத்தைத் துளைக்கும் பிட் மரத்தைச் சீவி எடுக்கிறது. கான்கிரீட்டில் அந்த வேலை நடக்காது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இடித்து, நொறுக்கித்தான் உள்ளே போக முடியும். பிட்டின் கடினமான முனைக்கு நேர் கீழே சிக்கும் பகுதி மாவாகிறது. அதைச் சுற்றிலும் விரிசல் ஓடி, கொஞ்சம் பெரிய சில்லுகள் பெயர்கின்றன. பிட்டின் உடம்பில் சுற்றிப் போகும் பள்ளங்கள் மாவையும் சில்லையும் சேர்த்தே வெளியே ஏற்றிவிடுகின்றன. மழுங்கிய பிட்டை அழுத்தி அழுத்திப் போட்டால் சில்லு குறையும், மாவு கூடும். கூரான பிட் வாங்குவதே தூசியைக் குறைக்கும் முதல் வழி.

இந்த 5 கிராமில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் குருணைதான். 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள ஒரு துகள் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்குச் சுமார் 3 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளோ, காற்று துளியும் அசையாத அறையில் கூட, நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஸ்டோக்ஸ் விதி சொல்கிறது. அதனால் பத்தில் ஒரு பங்கு பருமன் என்றால் நூறில் ஒரு பங்கு வேகம். நிஜ அறைகளில் காற்று சும்மா இருப்பதில்லை. துளை போட்டவர் சாப்பிட்டுத் தூங்கப் போன பிறகும் இந்த நுண்தூசி மிதந்துகொண்டே இருக்கும். மறுநாள் மேசையில் கண்ட படலம் இப்படித்தான் வந்தது.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். அந்த 2.5 கன செ.மீ.-இல் நூறில் ஒரு பங்கு மட்டும் 1 மைக்ரான் உருண்டைகளாக மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 5,000 கோடி துகள்கள். எடையில் இது 0.05 கிராம்தான். துளைக்குக் கீழே ஒரு காகித உறையை ஒட்டிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது எடையில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது, தரை சுத்தமாக இருக்கிறது, வேலை முடிந்தது என்று மனம் நினைக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் பகுதி அந்த உறையின் பக்கமே வருவதில்லை.

மூச்சுக்குழாயின் வளைவு நெளிவுகளில் பெரிய துகள்கள் ஒட்டிக்கொண்டு சளியோடு வெளியேறிவிடும். சுமார் 4 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் கடைசி நுண்ணறைகள் வரை போகக்கூடியவை. மணல், கான்கிரீட், செங்கல், சிமென்ட் பூச்சு எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. படிக சிலிக்கா என்பது இதுதான். நுண்ணறையில் காவலுக்கு இருக்கும் செல்கள் இந்தத் துகளை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் சாகின்றன. துகள் மறுபடி வெளியே வருகிறது, அடுத்த செல் வந்து விழுங்குகிறது. இந்தப் போராட்டம் நடந்த இடமெல்லாம் தழும்பாகிவிடுவதுதான் சிலிக்கோசிஸ். இந்தத் தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், வகைப்படுத்தியது. வருடத்துக்கு இரண்டு துளை போடுபவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அளவும் காலமும் சேர்ந்துதான் நோயைத் தீர்மானிக்கின்றன.

சரி, வேக்யூம் கிளீனருக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, கை நீள தூரத்தில் வைத்து ஊதுங்கள். அணைந்துவிடும். இப்போது அதே தூரத்தில் நின்று, அதே வாயால், அதே வேகத்தில் காற்றை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள். சுடர் அசையக்கூட செய்யாது. இரண்டு முறையும் வாயின் அளவு ஒன்றே, கடந்துபோகும் காற்றின் அளவும் ஒன்றே. பின் ஏன் இந்த வித்தியாசம்?

ஊதும்போது வெளியேறும் காற்றுக்குத் திசை உண்டு, உந்தம் உண்டு. உதட்டைத் தாண்டிய பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்ப எந்த விசையும் இல்லை, ஆகவே நேராகப் போகிறது. சுற்றியிருக்கும் காற்றையும் உரசி இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் அகலமாகிறது. உறிஞ்சும்போது நடப்பது வேறு. வாய்க்கு முன்னால் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். அழுத்தக் குறைவுக்குத் திசை கிடையாது. எதிரிலிருக்கும் காற்று வருகிறது, மேலிருந்து வருகிறது, கீழிருந்து வருகிறது, குழாயின் முதுகுப் பக்கத்திலிருந்து கூட வளைந்து வந்து உள்ளே நுழைகிறது. குழாயை எந்தப் பக்கம் நீட்டினாலும், ‘அந்தப் பக்கத்துக் காற்றை மட்டும் கொடு’ என்று கேட்க அதற்கு வழியில்லை.

இதை அளந்தும் பார்க்கலாம். குழாய் வாயைச் சுற்றி ஒரு கற்பனைக் கோளம் வரையுங்கள், அதற்கு வெளியே இன்னொன்று, அதற்கும் வெளியே மற்றொன்று. நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று குழாய்க்குள் போகிறதோ, அத்தனை லிட்டரும் ஒவ்வொரு கோளத்தையும் கடந்தாக வேண்டும். கோளத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, வேகம் நான்கில் ஒரு பங்கு. காற்றோட்டப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் விதி இன்னும் பளிச்சென்று இருக்கும்: ஊதும் குழாயில் 30 விட்டம் தள்ளியும் வாயில் இருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்; உறிஞ்சும் குழாயில் ஒரே ஒரு விட்டம் தள்ளினாலே அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

35 மி.மீ. வாயுள்ள குழாய் நொடிக்கு 30 லிட்டர் காற்றை இழுக்கிறது என்று கொள்வோம். வாயிலேயே வேகம் நொடிக்குச் சுமார் 30 மீட்டர், புயல் வேகம். தொழிற்சாலைகளில் தூசியை உறிஞ்சி எடுக்கும் தூசிக் கூண்டுகளுக்காக டல்லாவலே என்ற பொறியாளர் தந்த சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால், மூன்றரை செ.மீ. தள்ளி வேகம் நொடிக்கு 2 மீட்டரைச் சற்றே தாண்டும். 10 செ.மீ. தள்ளி நொடிக்கு 30 செ.மீ. ஆகிவிடும். 20 செ.மீ. தள்ளி நொடிக்கு வெறும் 7 செ.மீ. ஒருவர் அறைக்குள் நடந்து போனாலே அதைவிட அதிகமாகக் காற்று கலங்கும். மின்விசிறி ஓடினால் போட்டியே இல்லை. 1 மைக்ரான் துகளுக்குச் சொந்தமாக ஒரு போக்கு கிடையாது, தன்னைச் சுற்றியுள்ள காற்று எங்கே போகிறதோ அங்கே போகும். துளையின் வாசலில் இருக்கும் காற்றை முதலில் எடுத்துக்கொள்வது குழாயா, அறையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் இல்லை என்ற இந்த விஷயம் பெரிய பெரிய மூளைகளையே குழப்பியிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுழலும் தெளிப்பானைத் தண்ணீருக்குள் முக்கி, நீரை உள்ளே உறிஞ்ச வைத்தால் அது எந்தப் பக்கம் சுழலும்? இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1883-இல் வெளியான தன் இயக்கவியல் நூலில் இதைப் பற்றி எழுதினார். பின்னாளில் பெரிய இயற்பியலாளரான ரிச்சர்ட் ஃபெயின்மன் மாணவராக இருந்தபோது பிரின்ஸ்டனில் இதைச் சோதிக்கப் போய், கண்ணாடிக் குடுவை அழுத்தம் தாங்காமல் வெடித்தது. 2024-இல்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் லீஃப் ரிஸ்ட்ராஃபின் குழு துல்லியமாக அளந்து சொன்னது: எதிர்த்திசையில் சுழலும், ஆனால் சுமார் 50 மடங்கு மெதுவாக. நூற்றாண்டைத் தாண்டிய கேள்வி இது. ‘இதனால் என்ன பயன்?’ என்று மட்டும் கேட்டு நிதி ஒதுக்கும் முறையில் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இடமே இருக்காது. ஒரு தொழிலாளியின் நுரையீரலைக் காப்பாற்றும் தூசிக் கூண்டும் இந்தத் தெளிப்பானும் ஒரே இயற்பியலில் நிற்கின்றன. ஆர்வத்துக்காக மட்டும் செய்யப்படும் ஆராய்ச்சிக்கும் ஒவ்வொரு நாடும் நிலையாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி வேலைக்கு. குழாயின் வாயைத் துளைக்குக் கீழே, சுவரில் படும்படி வையுங்கள். தொட்டால் பாதி வேலையைச் சுவரே செய்துவிடும். சுவர் ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துவிடுவதால் காற்று மற்ற பாதியிலிருந்து மட்டுமே வர வேண்டும், அதே தூரத்தில் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிட்டைச் சுற்றி மூடிக்கொள்ளும் கிண்ணம் போன்ற இணைப்புகள் இன்னும் மேல், தூசிக்குத் தப்ப வழியே விடாது. ஆனால் ஒரு இடைவெளியும் இல்லாமல் இறுக்கி அடைத்துவிடக் கூடாது. உறிஞ்சும் விசை எவ்வளவு இருந்தாலும், காற்று ஓடினால்தான் தூசி அதோடு போகும். கனமான தூசியைக் குழாய்க்குள் தங்கவிடாமல் கடத்த நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும். அதனால்தான் நல்ல கிண்ணங்களில் விளிம்பிலோ பக்கத்திலோ காற்று நுழையச் சிறு வழி விட்டிருப்பார்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். துளை போட்டு முடித்து, தூசியைப் பிடித்த பிறகு ஜன்னலைத் திறக்கலாம்.

அப்புறம் வடிகட்டி. சாதாரணப் பை கொண்ட வேக்யூம் கிளீனர் குருணையை வைத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும். வெளியே வருவது ஊதும் காற்று என்பதை மறக்க வேண்டாம். முன்வாய் நாலு விரற்கடைக்கு மேல் எட்டாது, பின்வாயோ அறையின் மறுகோடி வரை அனுப்பும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும். தரையில் விழுந்ததை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முகக்கவசம் துணியில் வேண்டாம், முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை வேண்டும்.

இதையெல்லாம் நான் அழுத்திச் சொல்வது துளை போடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களை நினைத்துத்தான். ஏசி மாட்டுபவர், மின்வேலை செய்பவர், அலமாரி பொருத்துபவர் எல்லோரும் நாள் முழுக்க இதே தூசியில் நிற்கிறார்கள். ‘இன்னதைச் சாப்பிட்டால் நெஞ்சில் படிந்த தூசி கழுவிக்கொண்டு போய்விடும்’ என்ற பேச்சு பலரிடம் இருக்கிறது. சாப்பிடுவது இரைப்பைக்குப் போகிறது, தூசி இருப்பது நுரையீரலில், இரண்டும் வேறு வேறு பாதை. அந்த நம்பிக்கை முகக்கவசத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது ஆள் உயிருக்கே ஆபத்தாகிறது. சுரங்கங்களில் உலர்துளை போட்ட பழைய இயந்திரங்களுக்கு ‘விதவையாக்கி’ என்றே பெயர் இருந்தது. 1890களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான் ஜார்ஜ் லேனர், துளைக்கம்பியின் நடுவே தண்ணீரைச் செலுத்தித் தூசியை அது பிறக்கும் இடத்திலேயே நனைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். வழி தெரிந்திருந்தும், 1930-இல் தொடங்கிய மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில் சிலிக்கா பாறையை உலர்வாகத் துளைக்க வைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிலிக்கோசிஸால் இறந்தார்கள். அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி, 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சுவாசிக்கத்தக்க சிலிக்கா இருக்கக் கூடாது என்கிறது. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் இணைப்பு இல்லையென்றால், குழாயை நீங்களே சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

வீட்டில் மின்சார டிரில்லுக்குத் தண்ணீர் ஊற்றும் முயற்சி வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பலகை என்று சந்தேகம் இருந்தால் துளையே போட வேண்டாம்.

வாசகர் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. துளைக்குள் தங்கிய மாவை எடுக்காமல், திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கைச் செருகினால் அது பிடிப்பில்லாமல் சுழலும். குழாயைத் துளையின் வாயில் வைத்து எவ்வளவு உறிஞ்சினாலும் அடியில் கிடப்பது வராது. 8 மி.மீ. அகலத்துக்கு 50 மி.மீ. ஆழம், அதாவது ஆறு விட்டம். மறுமுனை அடைத்திருப்பதால் அடியில் காற்று அசைவதே இல்லை. இங்கே ஊதத்தான் வேண்டும். ஒரு மெல்லிய குழலைத் துளையின் அடிவரை விட்டு, ரப்பர் பம்ப்பால் இரண்டு அழுத்து அழுத்துங்கள். அடியில் மோதித் திரும்பும் காற்று மாவை வாசலுக்குக் கொண்டுவரும், வாசலில் சுவரோடு ஒட்டி நிற்கும் வேக்யூம் கிளீனர் அதை வாங்கிக்கொள்ளும். சிறு தூரிகையால் உள்சுவரை ஒரு முறை தேய்த்து, இன்னொரு முறை ஊதினால் பிளக் இறுக்கமாக உட்காரும்.