சுபேதார்: நவாபுக்கு மேலிருந்து இறங்கி வந்த சொல்

வேலூர்ப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் மணமகன் தந்தையின் பெயருக்கு முன்னால் ‘சுபேதார் (ஓய்வு)’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும், ‘சுபேதார் ஐயா’ என்று கூப்பிட்டால்தான் என் மாமா திரும்பிப் பார்ப்பார்.

‘சுபா’ என்றால் மொகலாயர் ஆட்சியில் மாகாணம். அக்பர் 1580இல் பேரரசை 12 சுபாக்களாகப் பிரித்தார். ‘தார்’ என்பது உடையவர், பொறுப்பேற்றவர் எனப் பொருள்படும் பாரசீக விகுதி. ஆக, சுபேதார் மாகாண ஆளுநர். நம் ஆற்காட்டு நவாபே தக்காண சுபேதாருக்குக் கட்டுப்பட்டவர்தான். அந்தப் பதவியில் இருந்த நிஜாம் உல் முல்க் 1743இல் பெரும்படையோடு ஆற்காட்டுக்கு வந்தார். பின்னர் அன்வருதீனை நவாபாக அமர்த்தியதும் அவரே.

அறுபது ஆண்டுகள் கழித்து வேலூர்க் கோட்டையில் அதே சொல்லைப் பாருங்கள். கம்பெனிப் படையில் இந்தியர் எட்டக்கூடிய உச்சி சுபேதார். ஆனால் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்கும் அவர் கீழ்தான். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும், அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்று உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வெடித்த எழுச்சியில் சிப்பாய்களோடு சுபேதார்களும் நின்றார்கள். வேலூர் மக்கான் பகுதியிலுள்ள நினைவுத்தூணில் ஆண்டுதோறும் அதே நாளில் மலர்வளையம் வைக்கிறார்கள்.

இன்றைய சுபேதாரின் தோளில் இரண்டு நட்சத்திரங்கள், கீழே சிவப்பு மஞ்சள் பட்டை. அவருக்குக் கீழே நாயப் சுபேதார், மேலே சுபேதார் மேஜர். மூவரையும் சேர்த்து ‘இளநிலை ஆணை அலுவலர்’ என்பார்கள். அது வகுப்பின் பெயரே தவிர பதவியின் பெயர் அன்று.

தமிழில் என்ன சொல்வது? பழைய பொருளுக்கு ‘மாகாண ஆளுநர்’ போதும். படைப்பதவிக்கு ‘ஏனாதி’ நினைவுக்கு வருகிறது: அரசன் மோதிரம் அணிவித்து அளித்த பட்டம். தோளில் நட்சத்திரம் பொருத்தும் சடங்குக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் ஏனாதி படைத்தலைவன். சுபேதார் அவ்வளவு உயரமில்லை. பங்குதாரர், மனுதாரர் என்று ‘தார்’ நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டபோது, சுபேதாரை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

மாமாவிடம் ‘ஏனாதி’யைச் சொல்லிப் பார்த்தேன். “பத்திரிகையில் போட்டால் ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்” என்றார்.