நட்சத்திரம் மங்கியதும் கோள் என்று எழுதிவிடாதீர்கள்

போன மாதம் முதலாமாண்டு மாணவர் ஒருவரின் அப்பா என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். ஃபீஸ் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். செல்போனை நீட்டினார். ஆரஞ்சு நிறத்தில் வரிவரியாக ஒரு கோள். கீழே 'வியாழனைவிடப் பெரிய கோள், முதல் புகைப்படம்' என்று எழுதியிருந்தது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "சார், பணம் கட்டினா பையன் பேருக்குக் கோள் கண்டுபிடிச்ச சர்டிபிகேட் தர்றாங்களாம். கட்டலாமா?"

கட்ட வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் அரை மணி நேரம் ஆனது.

அந்தப் படம் ஓவியர் ஒருவர் வரைந்தது. தொலைதூரக் கோள்களில் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டவை மிகச் சில. அவையும் வெறும் புள்ளிகள்தான். மற்றபடி வானியலாளர் கையில் இருப்பது எண்கள். கோள் தன் நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் குறையும். 2012 ஜூன் 6 காலையில் சூரியன் மேல் வெள்ளி கறுப்புப் பொட்டாக ஊர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த இடைநகர்வு புதிதல்ல.

எவ்வளவு குறையும்? சூரியனைப் பத்து அங்குலத் தோசையாக நினைத்துக்கொள்ளுங்கள். வியாழன் அதன் மேல் கிடக்கும் ஓர் அங்குல வெங்காய வில்லை. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு, எனவே ஒளியும் ஒரு சதவீதம் குறையும். பூமியோ கொஞ்சம் பெரிய கடுகு. அதனால்தான் பெரிய கோள்கள் முதலில் மாட்டின. 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கண்டறிந்த 51 பெகாசி பி, நட்சத்திரத்தை நாலே கால் நாளுக்குள் சுற்றிவிடும் ராட்சதக் கோள். ஆனால் அது நட்சத்திரத்தை மறைத்துச் செல்வதைப் பார்க்கவில்லை. கோளின் இழுப்பில் நட்சத்திரம் தள்ளாடுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு கோள் நட்சத்திரத்தை மறைத்துக் கடப்பதை முதன்முதலில் அளந்தது 1999இல், எச்டி 209458 என்ற நட்சத்திரத்தில்.

இதை நாங்களும் செய்துபார்க்கிறோம். அழகர்மலை அடிவாரத்தில் தெரிந்தவர் தோப்பு ஒன்று உண்டு. மதுரையின் வெளிச்சம் தெற்கு வானத்தைக் கெடுத்தாலும் தலைக்கு மேலே பரவாயில்லை. எட்டு அங்குலத் தொலைநோக்கி, ஒரு கேமரா, ஒரு லேப்டாப், கொசுவத்தி. போன செப்டம்பரில் குறிவைத்தது எச்டி 189733. சுமார் 64 ஒளியாண்டு தூரம், கோள் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது, 2.2 நாளுக்கு ஒருமுறை நட்சத்திரத்தைக் கடக்கும். ஒளி இரண்டரை சதவீதம் வரை குறையும். ராட்சதக் கோள்களிலேயே எங்களைப் போன்றவர்களுக்கு இரக்கம் காட்டுவது இதுதான்.

இத்தனை பிரகாசமான நட்சத்திரத்தைக் கூர்மையாகப் படமெடுத்தால் கேமரா நிறைந்து வழிந்துவிடும். எனவே வேண்டுமென்றே ஃபோகஸை விலக்குவோம். திரையில் நட்சத்திரங்கள் உளுந்து வடை போல, நடுவில் ஓட்டையோடு தெரியும். பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியையும் சேர்த்து அளந்து வகுத்துக்கொள்வோம். மெல்லிய மேகம் வந்தால் இரண்டுமே மங்கும், விகிதம் அநேகமாக மாறாது.

எட்டரை மணிக்கு ஒரு மாணவி, "சார், மாட்டிருச்சு!" என்றாள். விகிதம் அழகாக இரண்டு சதவீதம் இறங்கியிருந்தது. ஆனால் கணக்குப்படி கோள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோள் அவசரப்படாது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் வடைக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான வடை. சென்சார் மூடியில் ஒட்டிய தூசியின் நிழல்! தொலைநோக்கி சுழலும் அச்சை வானத்தின் வடதுருவத்துக்குச் சரியாகத் திருப்பாததால் நட்சத்திரம் மெல்ல நகர்ந்து அதன் மேல் ஏறிவிட்டது. தப்பு என்னுடையது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் படமெடுத்திருந்தால் தூசி எங்கே என்று தெரிந்திருக்கும், அந்தப் படத்தால் வகுத்துச் சரிசெய்திருக்கலாம். அன்று மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டே வேட்டியை மறந்துவிட்டேன்.

தூசி சின்ன ஏமாற்று. வானத்திலேயே பெரிய ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஓரமாக மட்டும் உரசி மறைத்தால் கோள் மறைத்தது போலவே இருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் மங்கலான ஜோடி ஒன்று ஒளிந்திருந்தாலும் அதே கதைதான். கோள் தேடுவதற்காக 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 வில்விநாடி அகலம் (ஒரு டிகிரியை 3600 ஆக வகுத்தால் ஒரு வில்விநாடி). அதற்குள் பல நட்சத்திரங்கள் அடைந்து கிடக்கலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. நட்சத்திரமாக முடியாமல் நின்றுபோன பழுப்புக் குள்ளன்களும் மிகச் சிறிய சிவப்பு நட்சத்திரங்களும் அளவில் கிட்டத்தட்ட வியாழனைப் போலவே இருக்கும். ஒளி குறைவதை மட்டும் பார்த்தால் எது எதுவென்று பிரிக்கவே முடியாது.

இது அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். கோள் தேடிய இன்னொரு விண்கலமான கெப்ளர் பிடித்த ராட்சதக் கோள் 'வேட்பாளர்கள்', அதாவது கோள் என்று இன்னும் உறுதியாகாதவர்கள், 129 பேரைப் பிரான்சிலிருந்து ஆறாண்டு பின்தொடர்ந்தது ஒரு குழு. பாதிக்கும் மேல் போலி என்று 2016இல் முடிவு வந்தது.

எனவே எடை போட வேண்டும். கோள் இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் நம்மை நோக்கியும் விலகியும் ஆடும். அந்த வேகத்தை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் அளந்தால் நிறை தெரியும். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தினர் மவுண்ட் அபுவில் உள்ள தங்கள் தொலைநோக்கியில் இதைத்தான் செய்தார்கள். கெப்ளர் பார்த்த ஒளிக்குறைவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓராண்டுக்கும் மேல் அளந்து, 2018இல் பூமியைப் போல 27 மடங்கு நிறையுள்ள கோள் என்று அறிவித்தார்கள். ஒளி குறைந்த அன்றே அவர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை.

அந்த அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அடுத்த முறை செய்தி வந்தால், எத்தனை தடவை மறைத்தது, எடை போட்டார்களா, படத்தை யார் வரைந்தது என்று தேடுங்கள். டெஸ் தரவுகள் எல்லோருக்கும் இலவசம். அதில் தேடிக் கோள் பிடித்த சாதாரண ஆட்களும் உண்டு. எவரும் முன்பணம் கட்டிக் கண்டுபிடிக்கவில்லை.

"அப்போ பையன் என்ன செய்யணும் சார்?"

"சனிக்கிழமை தோப்புக்கு அனுப்புங்க. வீட்ல சுத்தமான வெள்ளை வேட்டி இருந்தா அதையும் குடுத்துவிடுங்க. எங்ககிட்ட இருக்கறதுல சாம்பார்க் கறை."