வர்ஜீனியாவில் பழைய வீடு வாங்கும் முன்

லவுடன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) கிழக்குப் பக்கம் ஆஷ்பர்ன். டேட்டா சென்டர்களும் நம் ஆட்களும் நிறைந்த இடம். மேற்கே போனால் இன்னமும் பண்ணை, கற்சுவர், சரளைச் சாலைதான். அங்கே பழைய வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கட்டடக் கலைஞரான என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருக்காமே, ஒரு ஆணிகூட அடிக்க முடியாதா?"

தாராளமாக அடிக்கலாம். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் பட்டியலான அந்தப் பதிவேடு 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அது கட்டுப்படுத்துவது மத்திய அரசைத்தான். அரசுப் பணமோ அனுமதியோ உள்ள வேலை என்றால் பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும். சொந்தக் காசில் சொந்த வீட்டை இடிப்பவரைப் பதிவேடு தடுக்காது. பதிவேட்டில் உள்ளது என்ற வாசல் பலகையைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டை யாரும் தொட மாட்டார்கள் என்று கூடுதல் விலை கொடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

உண்மையில் கட்டுப்படுத்துபவை இரண்டு. ஒன்று, கவுண்டியே அறிவித்த வரலாற்றுப் பகுதி. அதற்குள் வெளித்தோற்றத்தை மாற்றக் கவுண்டி நியமித்த குழுவின் ஒப்புதல் வேண்டும். சமையலறையை மாற்றினால் அவர்கள் கேட்க மாட்டார்கள். வழக்கமான கட்டட அனுமதி போதும். இடிக்க அனுமதி மறுத்தாலும், வீட்டைக் காப்பாற்ற முன்வருவோருக்கு நியாய விலையில் விற்க முன்வந்து, மாநிலச் சட்டம் சொல்லும் காலம் (அதிகபட்சம் ஓராண்டு) காத்திருந்தால் உரிமையாளர் இடித்துவிடலாம். இந்த ஓட்டை பலருக்கும் தெரியாது.

இரண்டாவது, வீட்டின் பழைய தன்மையைக் கெடுக்க மாட்டோம் என்று பத்திரத்தோடு ஒட்டிய பாதுகாப்பு ஒப்பந்தம். வீடு எத்தனை கை மாறினாலும் அது கூடவே வரும். சிலவற்றில் உட்புறமும் அடங்கும். மேற்கு லவுடனில் உள்ள வாட்டர்ஃபோர்டு ஊர் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். 1733 வாக்கில் அமோஸ் ஜானி என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) தொடங்கிய ஆலை ஊர் அது. ரயில் அந்தப் பக்கம் வராததால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் அவசரம் யாருக்கும் வரவில்லை. 1943இல் ஊர்க்காரர்கள் அமைத்த அறக்கட்டளை வீடுகளை வாங்கி, பழுதுபார்த்து, ஒப்பந்தம் போட்டு விற்றது. 1970இல் ஊரும் சுற்றியுள்ள வயல்வெளியும் சேர்த்தே தேசிய வரலாற்றுச் சின்னமாயின. வயல் போனால் ஊரின் பாதி போச்சு என்பது என் கட்சி.

சட்டத்தைவிட அதிகம் கெடுப்பது அக்கறையுள்ள உரிமையாளர் கூப்பிடும் கொத்தனார்தான். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. நம் ஊர்க் காரைவீடு போலச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரம் அந்தச் சாந்து வழியாகவே வெளியேறும். இணைப்பைச் சுரண்டி சிமென்ட் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள் தங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிய, செங்கல்லின் முகம் உதிரும். உதிர்ந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மரச் சன்னல்களையும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். வெளியே இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினாலே குளிர் பெருமளவு குறையும். 1978க்கு முந்தைய வீடென்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டும் முன் சோதியுங்கள்.

அப்புறம், பணம். பழுதுபார்க்கும் செலவில் 20 சதவீதத்துக்கு மத்திய அரசு தரும் வரிச்சலுகை வாடகை, கடை போன்ற வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும். வர்ஜீனியாவின் 25 சதவீதம் குடியிருக்கும் வீட்டுக்கும் உண்டு. ஆனால் செலவு, கட்டடத்தின் வரி மதிப்பில் குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும். சுத்தியலை எடுக்கும் முன்பே திட்டத்துக்கு மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு அறையையும் உடைப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே அதைத்தான்.