மேஸ்திரி: சொல்லும் பொருளும்

மேஸ்திரி என்றால் ஒரு சிறிய வேலைக்குழுவைக் கூட்டி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, தானும் கூடவே நின்று முடித்துக் கொடுப்பவர். இன்று கட்டட வேலையில்தான் இந்தச் சொல்லை அதிகம் கேட்கிறோம். ரயில் பாதை பராமரிக்கும் குழுக்களிலும் நகராட்சித் துப்புரவுப் பணியிலும்கூட இது பதவிப் பெயராக வழங்கியிருக்கிறது.

சொல் தமிழ் அல்ல. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்தபோது கூடவே வந்த ‘மெஸ்த்ரெ’ என்ற சொல்தான் நம் வாயில் மேஸ்திரி ஆனது. தொழிலைக் கரைத்துக் குடித்தவர், பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியானவர் என்பது அதன் பொருள். அதற்கும் மூலம் லத்தீனின் ‘மகிஸ்தெர்’. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அதே போர்த்துக்கீசிய வழியில் வந்தவைதான். மேஸ்திரி கட்டும் வீட்டில் அவர் பெயரோடு சேர்ந்து வந்த சொற்கள் எத்தனை இருக்கின்றன பாருங்கள்! வட இந்தியாவில் இதே சொல் ‘மிஸ்திரி’. தையல் கடையிலும் டீக்கடையிலும் நாம் கூப்பிடும் ‘மாஸ்டர்’ அதே லத்தீன் வேரிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. இலங்கையில் கதை வேறு. அங்கே கொத்தனாரையும் தச்சரையும் ‘பாஸ்’ என்பார்கள். அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கும் ‘பாஸ்’ வந்ததும் அந்த டச்சுச் சொல்லிலிருந்துதான்.

பிறப்பு இவ்வளவுதான். பொருளில்தான் நிறைய விஷயம் இருக்கிறது.

கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது அங்குலச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார், சுவர் வெளிப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. சத்தம் போடுகிறார். கொத்தனார், “சித்தாள் கலவையைத் தண்ணியா குடுத்தா, கல்லு நிக்காம வழுக்குது” என்கிறார். சித்தாள் அம்மா விடவில்லை, “இன்னும் தண்ணி விடுன்னு நீங்கதானே சொன்னீங்க?” மேஸ்திரி யாருக்கும் பதில் சொல்வதில்லை. தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் மேல்வரியில் வைத்து நூலை விடுகிறார். கீழே குண்டு சுவரை ஒட்டாமல் ஒரு விரல் தள்ளி நிற்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தம் போட என்ன இருக்கிறது? “மேல நாலு வரியைப் பிரிச்சுடுப்பா” என்று கொத்தனாரிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, தானே கரணையை, அதாவது கொத்துக் கரண்டியை, எடுத்துக் கலவையைப் புரட்டிப் பதம் பார்க்கிறார். வீட்டுக்காரரிடம், “சாயந்தரத்துக்குள்ள சரியாயிடும் சார், வீணாப்போன கல்லு என் கணக்கு.” அவ்வளவுதான். தண்ணீர் விடச் சொன்னது யார் என்ற விசாரணை வீட்டுக்காரர் போன பிறகு, டீ குடிக்கும்போது நடக்கும். சனிக்கிழமை சம்பளத்தில் யாருக்கும் பிடித்தம் இருக்காது.

எல்லா மேஸ்திரியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுகிறவர்களும், கூலியில் கை வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் வேலை செய்கிற ஆட்கள் ஒருவரை ‘நல்ல மேஸ்திரி’ என்றால் மேலே சொன்ன குணத்தைத்தான் சொல்கிறார்கள். இன்ஜினியர் வரைபடத்தில் சொன்னதை ஆட்களுக்குப் புரியும்படி சொல்வார். ஆட்களின் குறையை மேலே எடுத்துச் சொல்வார். நடுவில் வரும் சண்டையை வேலை நிற்காமல் தீர்ப்பார்.

இதற்கு நல்ல தமிழ் என்ன? பலரும் எழுதுவது ‘மேற்பார்வையாளர்’. அல்லது ‘கண்காணிப்பாளர்’. இரண்டும் பார்ப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, செய்வதை விட்டுவிடுகின்றன. கையில் கரணை இல்லாதவரைக் குழு மேஸ்திரி என்று ஏற்பதில்லை.

‘கங்காணி’ என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. கண் + காணி, அதாவது கண்ணால் கண்டு நிற்பவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்த்தவர் ‘கண்காணி’. எங்கும் நிறைந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் இறைவனையே திருமூலர் ‘கண்காணி’ என்கிறார். அப்பேர்ப்பட்ட சொல், 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவரின் பெயரானது. கங்காணி தன் ஊரிலிருந்தே, தன் உறவிலிருந்தே ஆட்களைக் கூட்டிப்போனார். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஆளின் கடன் கணக்கு எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தக் கடனைத் தீர்க்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. பர்மாவுக்கு ஆள் சேர்த்தவர்களுக்கு மட்டும் பெயர் கங்காணி அல்ல, மேஸ்திரி! ஆக, இந்தச் சொல்லுக்கும் கறை இல்லாமல் இல்லை. ஆனால் ‘கங்காணி வேலை பார்க்கிறான்’ என்றால் இன்றும் வசை. மேஸ்திரிக்கு அப்படி ஒரு பழிச்சொல் ஒட்டவில்லை. அதனால் கங்காணியை இங்கே பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

உழவில் ‘முன்னேர்’ என்ற சொல் உண்டு. பல ஏர்கள் பூட்டி உழும்போது முதலில் போகும் ஏர். பின்னேர்கள் அது உழுத தடத்தை, அதாவது சாலை, பார்த்துத்தான் வரும். மேஸ்திரியின் பொருளுக்கு மிக அருகில் வருவது இந்தக் கருத்துதான். ஆனால் ஆளைக் குறிக்கும் சொல்லாக அது வழக்கில் இல்லை.

என் தேர்வு இது. கட்டட வேலையைப் பற்றி எழுதினால் ‘தலைமைக் கொத்தனார்’ என்று எழுதலாம். தானும் கொத்தனார், மற்றவர்களுக்குத் தலைவரும் அவரே என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. மற்றத் தொழில்களுக்குப் ‘பணித்தலைவர்’ பொருந்தும். சித்தாளாகவே காலம் முழுவதும் நிறுத்தப்படும் பெண்களில் ஒருவர் நாளை குழுவை நடத்தினால் அவருக்கும் இந்தச் சொல் அப்படியே பொருந்தும். ‘மேற்பார்வையாளர்’ என்பதை, வேலையில் கை வைக்காமல் பார்த்துக் குறிப்பெழுதும் பதவிக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. பேச்சில் மேஸ்திரி என்றே சொல்வதில் தவறில்லை. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் ‘மேத்திரி’ என்று எழுதலாம்.