விழுவது ஒரு சர்வர், பழுது வேறு இடத்தில்

இணையதளம் ஓடும் லினக்ஸ் சர்வர் ஒன்று அடிக்கடி உறைந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீபூட் செய்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ரேம் மாற்றியாயிற்று, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்தாயிற்று, பலனில்லை. உறையும் நேரத்தில் சிபியு பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் புரோசஸ்களின் (இயங்கும் புரோகிராம்களின்) சராசரி எண்ணிக்கையான லோட் ஆவரேஜோ 200ஐத் தாண்டி நிற்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்த மெஷினில் என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியே இணைத்த வேறொரு கணினியின் கோப்பகம்) இருக்கிறதா என்பதைத்தான்.

வேறொரு கணினியில் இருக்கும் கோப்புகளை நம் கணினியிலேயே இருப்பதுபோல் பயன்படுத்த 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய முறை என்எஃப்எஸ். கோப்புகளை வைத்திருக்கும் ஃபைல் சர்வர் நடுவில் ரீபூட் ஆனாலும், அவற்றைக் கேட்கும் கணினியான கிளையண்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று யோசித்து வடிவமைத்தார்கள். அதனால் வழக்கமான 'ஹார்ட் மவுண்ட்' முறையில், பதில் வரும்வரை கிளையண்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். புரோகிராமுக்குப் பிழை என்று சொல்லாது. அருமையான முடிவு இது. எழுதிய தரவு பாதியில் தொலையாமல் இருப்பது இந்தப் பொறுமையால்தான். சிக்கல் கிளம்புவதும் அதே பொறுமையிலிருந்துதான்.

பதிலுக்குக் காத்திருக்கும் புரோசஸ், புரோசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் 'டி' என்ற எழுத்தோடு தெரியும். சாதாரண சிக்னல் எதையும் அது காதில் வாங்காது. லினக்ஸின் லோட் ஆவரேஜ் இப்படிக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. சிபியு சும்மா இருக்க, லோட் ஏறுவதன் காரணம் இதுதான். வெப் சர்வருக்கு வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் அந்த மவுண்டில் ஒரு படத்தைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளும். அடுத்தது வரும், அதுவும் மாட்டும். வேண்டுகோள்களைக் கவனிக்கும் வொர்க்கர் புரோசஸ்கள் தீர்ந்துபோகும், மெமரி நிரம்பும், கடைசியில் கெர்னலே புரோசஸ்களைக் கொல்ல ஆரம்பிக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க டிஎஃப் கட்டளை கொடுத்தால் அதுவும் திரும்பி வராது.

சர்வர் விழ இன்னொரு விதமும் உண்டு. ஒரு புரோசஸ் 120 விநாடிக்கு மேல் அசையாமல் இருந்தால் கெர்னல் லாகில் எச்சரிக்கை எழுதும். 'ஹங் டாஸ்க் பேனிக்' என்ற அமைப்பை யாராவது இயக்கி வைத்திருந்தால் எச்சரிக்கையோடு நிற்காமல் கெர்னல் தானே பேனிக் ஆகி, இயக்கத்தையே நிறுத்திவிடும். கூடவே தானியங்கி ரீபூட்டும் இருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஹார்டுவேர் பழுது மாதிரியே தெரியும். அந்த எச்சரிக்கையில் பெயர் வரும் புரோசஸ் பல சமயம் இரண்டாவதாக மாட்டியது: முதலாவது ஒரு கோப்பகத்தின் பூட்டைப் பிடித்தபடி நெட்வொர்க்குக்குக் காத்திருக்கும், இது அந்தப் பூட்டுக்குக் காத்திருக்கும். ஆகவே லாகில் பெயர் வந்த புரோகிராமையே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ரீபூட் பொத்தானைத் தொடுவதற்கு முன் தடயத்தை எடுத்துவிடுங்கள். 'டி' நிலையில் உள்ள ஒரு புரோசஸின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ப்ராக் கோப்பகத்தில் அந்த எண்ணுக்குள் இருக்கும், புரோசஸ் கெர்னலில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஸ்டாக் கோப்பை ரூட்டாகத் திறந்து பாருங்கள். என்எஃப்எஸ், ஆர்பிசி (என்எஃப்எஸ் கோரிக்கைகளை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) என்று தொடங்கும் ஃபங்ஷன் பெயர்கள் அடுக்காக வந்தால், காத்திருப்பது யாருக்காக என்று தெரிந்துவிட்டது. கெர்னல் லாகில் 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்' என்ற வரி எந்த நேரத்தில் வந்தது, 'ஓகே' எப்போது வந்தது என்பதையும் பாருங்கள். அதே நேரத்தில் ஃபைல் சர்வரில் பேக்கப் ஓடியதா, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) சோதனை நடந்ததா என்று ஒப்பிடலாம். லாகே அந்த மவுண்டில் எழுதப்படுகிறது என்றால் தடயம் எதுவும் மிஞ்சாது. கெர்னல் லாகை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோல் வழியாக அதை வேறு மெஷினுக்கு அனுப்பி வையுங்கள்.

ஃபைல் சர்வர் நன்றாக இருந்தும் உறைந்தால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவைச் சந்தேகியுங்கள். இரு முனையிலும் 9000 என்று வைத்து, நடுவில் உள்ள ஸ்விட்ச் போர்ட் 1500லேயே நின்றுவிட்டால், சின்ன பாக்கெட்டுகள் போகும், பெரியவை சத்தமில்லாமல் கைவிடப்படும். சாதாரண பிங் போகும், சின்ன கோப்பகத்தின் பட்டியல் வரும். பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்ய ஆரம்பித்ததும் எல்லாம் நின்றுவிடும். பாக்கெட்டைத் துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் அளவில் பிங் செய்தால் உண்மை வெளியே வரும். பாக்கெட்டின் தலைப்புகளுக்கான (ஹெடர்) 28 பைட் சேர்ந்தால் சரியாக 9000.

தொல்லை தாங்காமல் பலர் 'சாஃப்ட் மவுண்ட்' போட்டுவிடுகிறார்கள். சில முயற்சிகளுக்குப் பிறகு அது பிழையைத் திருப்பிவிடும், சர்வர் உறையாது. ஆனால் அந்தப் பிழையைச் சரியாகக் கவனிக்காத புரோகிராம், கோப்பு முழுதாக எழுதப்பட்டதாக நம்பிப் போய்விடும். படிக்க மட்டுமே வைத்திருக்கும் படங்கள், ஆவணங்கள் என்றால் சரி, செய்யலாம். டேட்டாபேஸ், மெயில் பெட்டி இருக்கும் மவுண்டில் மட்டும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.