பொன்னாங்கண்ணியைப் பிடுங்கினேன், சந்தனம் செத்தது

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் ஒரு நாற்றங்காலில் சந்தனக் கன்று வாங்கிவந்தேன். கறுப்பு பாலிதீன் பையில் ஒரு சாண் உயரம். காலடியில் பொன்னாங்கண்ணி படர்ந்து கிடந்தது. களை என்று வேரோடு பிடுங்கினேன். அன்று மதியமே அது பொரியலானது. கன்றைத் தோட்டத்து நடுவில், புல்பூண்டு இல்லாமல் சுத்தமாகச் செதுக்கிய இடத்தில் நட்டேன். சில மாதங்களில் இலை வெளுத்தது, பிறகு குச்சிதான் மிச்சம். தண்ணீர் ஒருநாளும் தவறவில்லை. பொன்னாங்கண்ணியை அந்தப் பையில் வேண்டுமென்றே வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இலை பச்சை என்பதால் வெயிலில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர், தாது உப்பு, நைட்ரஜன் இவற்றில் பெரும்பங்கைப் பக்கத்து வீட்டில்தான் வாங்கும். வேரைப் பதமாகத் தோண்டி மண்ணைக் கழுவினால், மெல்லிய வேர்களில் அங்கங்கே வெளிர்நிறக் குமிழ்கள் தெரியும். ஒவ்வொன்றும் அயல்செடியின் வேரை, பால்குடிக்கும் கன்றின் வாய்போலக் கவ்வியிருக்கும். இவையே உறிஞ்சு வேர்கள். குமிழின் நடுவிலிருந்து ஆப்பு மாதிரி ஒரு திசு கிளம்பி, அந்த வேரின் பட்டையைத் துளைத்து, உள்ளே நீர் ஏறும் சைலக் குழாயைத் தொடுகிறது.

தொட்டால் போதுமா, நீர் வரவேண்டாமா? இதுபோன்ற ஒட்டுண்ணிகள் தங்கள் திசுக்களில் கரைபொருள்களைக் கூட்டி வைத்துக்கொள்கின்றன. இலைத்துளை வழியாக நீரையும் தாராளமாக ஆவியாக்குகின்றன. இழுப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சந்தனம் கைவைக்கும் செடிகள் 300-க்கும் மேல். ஆனால் எல்லா வீட்டுச் சாப்பாடும் ஒன்றில்லை. துவரை, புங்கன் போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், அங்கே கவ்விய சந்தனம் செழிக்கும்.

மண்ணுக்கு மேலேயும் அதற்குத் துணை வேண்டும். கட்டை மணக்கும் இந்த மரத்தின் பூவுக்கு மணமே இல்லை! விரியும்போது வைக்கோல் நிறம், நாளாக ஆகக் கருஞ்சிவப்பு, அளவோ மூக்குத்திதான். உள்ளே இருக்கும் துளித் தேனுக்காகத் தேனீயும் ஈயும் வந்து, ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகின்றன. தன் மகரந்தத்தால் சந்தனம் காய்ப்பது குறைவு.

பழம் கருநாவல் நிறம். குயிலும் கொண்டைக்குருவியும் விழுங்கிப் பறந்து, களாப் புதரிலோ சூரைமுள் வேலியிலோ உட்கார்ந்து எச்சமிடும். விதை விழும் இடத்தைப் பாருங்கள்: கவ்வ வேர் உண்டு, இளங்கன்றுக்கு நிழல் உண்டு, மேலே முள். சந்தனத் தழை என்றால் ஆட்டுக்கு அவ்வளவு இஷ்டம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும் ஒடுகத்தூர்ச் சுற்றில் முள்ளில்லாமல் ஒரு கன்று தப்புவது கஷ்டம். ஜவ்வாது மலையடிவாரத்தில் முட்புதருக்குள்ளிருந்து சந்தனம் தலைநீட்டுவது இதனால்தான். நான் செதுக்கிய தோட்டம் அதற்குப் பாலைவனம்.

2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டபின், பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம். வெட்டி விற்க மட்டும் வனத்துறையைக் கேட்கவேண்டும். உண்மையில் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள். எண்ணெய் வேரில் அதிகம். அப்படித் தோண்டிய குழியோரம் அறுந்து நிற்கும் வேர்த்துண்டுகளிலிருந்தும் சில சமயம் புதுக்குருத்து எழும்பும்; பக்கத்து வேரைக் கவ்விய பிடி கீழே அப்படியே இருக்கும்.

இரண்டாவது கன்றை வேலியோரம், புங்கனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பையிலிருந்த பொன்னாங்கண்ணியை இந்த முறை தொடவில்லை. கீரை கடையில் வாங்குகிறோம்.